திரேசம்மா படுக்கச் சொன்ன இடம்

செய்தி எனக்கு ஒரு வெள்ளைத் துணியாக வந்தது. அட்டனிலிருந்து இறங்கும் பஸ், அணைக்கட்டுக்கு மேலேயுள்ள வளைவில் திரும்பும்போது நீர்த்தேக்கம் முழுவதும் கண்ணில் படும். அன்று பாதி நீரைப் பனி மூடியிருந்தது. இக்கரையில், தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலைக்குப் பின்னாலிருக்கும் கம்பத்தில் ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

அந்தத் துணியின் பொருள் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்தின் அக்கரைப் பிரிவில் ஒருத்திக்குப் பிரசவ வலி கண்டால், அங்கே நிற்கும் பட்டமரத்தில் வெள்ளைத் துணி ஏறும். இக்கரையிலிருந்து மருத்துவச்சி திரேசம்மா அதைப் பார்ப்பார். வருகிறேன் என்றால் தானும் வெள்ளையை ஏற்றுவார். காற்று சரியில்லை, பொறுங்கள் என்றால் சிவப்பை ஏற்றுவார். முதலில் கூப்பிடுவது எப்போதும் அக்கரைதான். அன்று அக்கரை மரத்தில் ஒன்றுமில்லை. யாருமே கூப்பிடாத ஒரு கூப்பிடலுக்கு இக்கரை பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

பஸ் கொண்டக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அருகே வந்தார்.

"மருத்துவச்சியம்மா போயிட்டாங்க தம்பி. வெள்ளன தேத்தண்ணி குடிச்சிக்கிட்டு இருந்தாங்களாம். கோப்பைய வச்சிட்டு அப்படியே சாஞ்சிட்டாங்களாம்."

"தண்ணியிலயா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"இல்ல. வீட்டுக்குள்ள, கதிரையில."

பஸ்ஸில் இருந்த எல்லாரும் நீரைப் பார்த்தார்கள். தனக்குச் சேர வேண்டியதை யாரோ வீட்டுக்குள் வைத்தே எடுத்துக்கொண்டுவிட்டதுபோல அது கிடந்தது.

மருந்துச்சாலைக் கூலியாள்தான் துணியை ஏற்றியிருக்கிறார். அக்கரைக்கு எப்படித் தெரிவிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இறப்புக்கு என்று ஒரு துணியைத் திரேசம்மா ஏற்படுத்தியிருக்கவில்லை.

அவரை அறிந்த நீங்கள் அவருடைய பேச்சை மறந்திருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணத்துக் கரையோரத்தில், மீன்பிடிக்கும் குடும்பத்தில் பிறந்த கத்தோலிக்கர். தகப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போய் வந்ததைப் பார்த்து வளர்ந்தவர். ஒரு அண்ணன் போனார், திரும்பி வரவில்லை. அதைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. மருத்துவச்சிப் பயிற்சி முடித்து இந்த மலைக்கு வேலைக்கு வந்தபோது இங்கே நீர்த்தேக்கம் கிடையாது. பள்ளத்தாக்கில் ஓர் ஓடை, அதன் இருபுறமும் தேயிலை, தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், ஒரு கோயில், ஒரு பாதை. "கடல் வேண்டாம் எண்டுதானே மலைக்கு வந்தனான்" என்று சொல்லிச் சிரிப்பார். "அது என்னைத் தேடிக்கொண்டு பின்னாலை ஏறி வந்திட்டுது."

அணை கட்டி முடிந்ததும் பள்ளத்தாக்கு நிறைந்தது. மூழ்கிய தேயிலைக்குக் கம்பனிக்கு நட்டஈடு கிடைத்தது. மூழ்கிய லயத்துக்குப் பதில் மேட்டில் இன்னொரு லயம் கிடைத்தது. பழையதைவிட ஒடுக்கமானது, பழையதைப் போலவே ஒழுகுவது. மூழ்கிய பாதைக்குப் பதில் எதுவும் கிடைக்கவில்லை. நீரைச் சுற்றி வர ஒரு ஒற்றையடிப் பாதை உண்டு. மழைக்காலத்தில் அது ஆண்டுதோறும் சரிந்து விழும். பாலம் வரும் என்றார்கள். பாலம் கேட்க வாக்கு வேண்டும். அக்கரையில் இருந்த சனத்தை இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, அவர்கள் வாக்கைச் சுதந்திரம் கிடைத்த கையோடு பறித்துவிட்டார்கள். வாக்கில்லாதவன் அக்கரையில் இருந்தால் என்ன, நீருக்கடியில் இருந்தால் என்ன?

புதைகுழிகளைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவையும் கீழேதான் இருக்கின்றன.

கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாரியம்மன் கோயில். சிலையை மேட்டுக்குக் கொண்டுபோய்ப் புதுக்கோயில் கட்டிக்கொண்டார்கள். ஆனால் முதன்முதலில் இங்கே காடு வெட்ட வந்தவர்கள் நட்டுக் கும்பிட்ட கல் ஒன்று இருந்தது. அதை அசைக்க உத்தரவு கிடைக்கவில்லை என்று பூசாரி சொல்லிவிட்டார். கோயில் மணியைக் கழற்ற நாள் குறித்திருந்தார்கள். சொன்ன நாளுக்கு முன்பே நீர் வந்துவிட்டது. அதனால் கல்லும் மணியும் கீழேயே தங்கிவிட்டன. அந்த இடத்துக்கு மேலே இப்போது தெரிவது கோயில் அரசமரத்தின் உச்சி மட்டும்தான். இலையில்லாத கிளைகளில், பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் கட்டிய துணித் தொட்டில்கள் இன்னும் தொங்குகின்றன. நீர் ஏறியிருக்கும் நாட்களில் அவற்றின் அடி நீரைத் தொடும். காற்று வீசினால் அவை ஆடும். ஆட்டுவதற்கு ஆளில்லாமல் இத்தனை தொட்டில்கள் ஒரே நேரத்தில் ஆடுவதைப் பகலில் பார்ப்பதே போதும்.

அக்கரைக்கு நேர்வழி அந்த மரத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது. மற்ற இடமெல்லாம் மூழ்கிய மரங்களின் முனை படகின் அடியைக் கிழிக்கும்.

முதலில் படகு இல்லை. ரோடு போட வந்தவர்கள் விட்டுப்போன தார்ப் பீப்பாய்களைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை போட்டு ஒரு தெப்பம் செய்துகொண்டார்கள். மழைக்காற்று தொடங்கிய ஒரு பகலில் அது அக்கரையிலிருந்து புறப்பட்டது. மரத்தை நெருங்கியதும், ஆத்தாவின் தலைக்கு மேலே உட்கார்ந்துகொண்டு போகக் கூடாது என்று தெப்பத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். ஒரு அலைதான். தெப்பம் ஒரு பக்கம் எழும்பிப் புரண்டது. பீப்பாய்களைப் பிடித்தவர்கள் பிழைத்தார்கள். கறுப்பையா பிழைக்கவில்லை. கொழுந்தெடுக்கும்போது மழைக்குப் போர்த்தும் தடித்த கம்பளி அவன் தலையிலிருந்தது. இடுப்பில் படங்குச் சாக்கு இறுகக் கட்டியிருந்தது. இரண்டும் நீரைக் குடித்து அவனைக் கீழே கொண்டுபோயின. கம்பளி மட்டும் பிறகு மேலே வந்தது. கைகளை விரித்து ஒருவன் நீந்திப் போவதுபோல மரத்தைச் சுற்றிச் சுற்றி மிதந்தது. அவன் பெண்சாதி கரையில் நின்று அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உடம்பு கிடைக்கவேயில்லை. கீழே தேயிலைச் செடிகள் இன்னும் நிரையாக நிற்கின்றன. அவற்றுக்குள் இருப்பான் என்றார்கள். கொழுந்தெடுக்க நிரை பிடிக்கப் போய்விட்டான் என்று ஒருவன் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

அனுமதியின்றி நீரில் இறங்கியதால் ஏற்பட்ட மரணம் என்று தோட்டம் கைகழுவியது. துரை பங்களாவில் மோட்டார்ப் படகு இருந்தது. அது மீன் பிடிப்பதற்கு.

அதன்பிறகுதான் திரேசம்மா படகுக்காரியானார். அணைக்குக் கொங்கிறீட் வார்க்கப் பயன்படுத்திய பலகைகள் வெயிலில் கிடந்தன. பெக்டரித் தச்சனைப் பிடித்து, தட்டையான அடியுள்ள ஒரு படகு செய்வித்தார். பிஸ்கட் டின்களின் மூடியை மெழுகால் அடைத்து இருக்கைப் பலகைகளுக்குக் கீழே கட்டினார். படகு நிறைந்தாலும் தாழாது. நீர் இறைக்கும் டின்னைக் கயிற்றில் கட்டிப் படகோடு முடிந்தார். "கையாலை விட்டால் டின் போயிடும். டின் போனால் படகு போயிடும்" என்றார். துடுப்புப் போட அக்கரை முத்துவேலுவைச் சேர்த்துக்கொண்டார்.

எங்கள் மலையில் நீந்தத் தெரிந்தவர்கள் இல்லை. எங்கள் ஆறுகள் ஒன்று முழங்காலளவு ஓடும், இல்லாவிட்டால் அருவியாக விழும். எங்கே நீந்திப் பழகுவது? திரேசம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆண்களையும் பெண்களையும் கரையோரத்துக்குக் கூப்பிட்டு, இடுப்பளவு நீரில் படகை வேண்டுமென்றே கவிழ்க்கச் சொன்னார். திருவிழாக் கூட்டம் போலச் சனம் மேட்டில் நின்று பார்த்தது.

"என்னாங்கம்மா, நல்லா இருக்கிற படகக் கவுத்துறீங்களே!" என்றான் முத்துவேலு.

"நீ பிறகு தானாக் கவிழ்க்கப்போறாய். இப்பவே பழகு."

கவிழ்ந்த படகின் ஓரத்தில் கயிறு ஓடியது. அதை எல்லாரும் பிடித்துத் தொங்க வேண்டும். கரை கிட்டத் தெரிகிறது என்று விட்டுவிட்டு நடக்கப் பார்த்தவனைத் திரேசம்மா காதைப் பிடித்துத் திரும்பக் கொண்டுவந்து கயிற்றில் மாட்டினார். "நீந்தத் தெரியாட்டிப் பரவாயில்லை. பிடிக்கத் தெரியவேணும். படகை விட்டவனைத் தேடுறது கஷ்டம். படகைத் தேடுறது சுகம்."

கம்பளி, படங்கு, சப்பாத்து எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பது அவர் சட்டம். நடுங்கிக்கொண்டு போகட்டும் என்பார். இவை எதற்கும் சனம் அவ்வளவாக எதிர்ப்புச் சொல்லவில்லை. எதிர்ப்பு வந்தது மரத்தடியில் எழுந்து நிற்கக் கூடாது என்று சொன்னபோது. வேதக்கார மருத்துவச்சி ஆத்தாவைக் கும்பிட விடமாட்டேன் என்கிறாள் என்று சங்கத்துக்கு முறைப்பாடு போனது. நான் தொழிற்சங்கக் கிளையில் எழுத்துவேலை பார்ப்பவன். விசாரிக்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள்.

படகு கட்டும் இடத்தில் இரு தரப்பும் கூடியிருந்தது. அங்கம்மாதான் முன்னால் வந்தார். கொழுந்து மலையில் அவர் குரலுக்குக் கங்காணியே ஒதுங்குவார்.

"சங்கத்துத் தம்பி, நீங்களே கேளுங்க. ஆத்தா தல மேல குண்டிய வச்சிக்கிட்டுப் போகச் சொல்றாங்க இந்தம்மா."

"நிண்டால் மட்டும் என்ன?" என்றார் திரேசம்மா. "காலாலை தலையிலை மிதிக்கிறியள்தானே?"

"கால் பட்டா ஆத்தா பொறுத்துக்குவா. புள்ளைங்க கால் படாத தாயி இருக்காளா? குண்டி பட்டா பொறுப்பாளா?"

கரை முழுவதும் சிரித்தது. திரேசம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு, சிரிப்பு அடங்காத குரலிலேயே, "அப்ப கறுப்பையா காலாலைதானே நிண்டவன். அவனை ஏன் பொறுக்கேல்லை?" என்று கேட்டார்.

அங்கம்மா நீரைப் பார்த்துக்கொண்டே, "அவ எதையோ கேட்டா, எடுத்துக்கிட்டா" என்றார்.

ஆத்தாவும் கிடையாது, எடுப்பதும் கிடையாது, பாலத்துக்குப் போராடுவோம் என்று நான் பேசினேன். என் பேச்சை இரண்டு தரப்பும் பொறுமையாகக் கேட்டது. முடித்ததும் திரேசம்மா சொன்னார்: "கேளுங்கோ தம்பி. பாலத்தை நல்லாக் கேளுங்கோ. அது வாற வரைக்கும் வயித்துப்பிள்ளையள் பொறுக்குமோ எண்டும் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ."

அன்று முடிவு எதுவும் ஏற்படவில்லை. படகில் இருந்தவர்கள் மரத்தடியில் எழுந்தார்கள், அவர் திட்டினார், அமைதியான நாட்களானதால் தப்பினார்கள்.

மணியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காற்று எழும்பும் நாட்களில் நீருக்கடியிலிருந்து கோயில் மணி கேட்கிறது என்று அக்கரைச் சனம் சொல்லும். அணைக் கதவின் சங்கிலி மோதுகிற சத்தம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். சங்கிலி இக்கரையில் இருக்கிறது, சத்தம் மரத்தடியிலிருந்து வருகிறது என்றார்கள். திரேசம்மாவிடம் நியாயம் கேட்டேன்.

"காத்து வாற நேரத்திலைதானே கேட்குது?"

"அப்படித்தான் சொல்கிறார்கள்."

"அப்ப நல்ல மணி. கேட்டால் படகை எடுக்காதை எண்டு முத்துவேலுவுக்குச் சொல்லி வைச்சிருக்கிறன். ஆவி இருக்கோ இல்லையோ எனக்குத் தெரியாது தம்பி. காத்து இருக்குது."

நான் மறக்க முடியாத பகல், அங்கம்மாவின் மருமகள் பாக்கியத்துக்கு வலி கண்ட நாள். சங்கக் கூட்டமொன்றுக்காக நான் அக்கரையில் இருந்தேன். காலையில் வெள்ளை ஏறியது. நீர் அப்போது தகடுபோலக் கிடந்தது. திரேசம்மா வந்து, லயத்துக்குள் போய், சிறிது நேரத்தில் வெளியே வந்து கை கழுவினார். பிள்ளையின் கை முதலில் வந்திருக்கிறது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் தாய் தப்புவாள் என்றார்.

பாக்கியத்தைக் கம்பளியில் தூளிகட்டித் தடியில் தொங்கவிட்டு நீர்க்கரைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்குள் தென்மேற்கிலிருந்து காற்று இறங்கிவிட்டது. நீர் கறுத்து, வெள்ளை நுரை தலைகாட்டியது. படகில் தூளியோடு அப்படியே வைத்துக் கயிற்றால் கட்டிவிடலாம், அசையமாட்டாள் என்றார்கள். திரேசம்மா முடிச்சுகளையெல்லாம் அவிழ்த்தார். "படகோடை ஒருத்தரையும் கட்டாதையுங்கோ. கவிண்டால் அவளும் படகோடை கீழைதான்." பிறகு பாக்கியத்தின் பக்கத்தில் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"ஏறலையா?" என்று கேட்டேன்.

"இப்ப இல்லை."

மலைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் வழியாகத்தான் காற்று வரும். பனி அங்கே கிழிந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கை பாக்கியத்தின் நாடியில் இருந்தது. பாக்கியத்தின் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அதுதான் எல்லாரையும் வெறிகொள்ள வைத்தது. நான் கத்தினேன்: "அவள் செத்துக்கொண்டிருக்கிறாள். நீங்கள் பனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்!"

"நடுத்தண்ணியிலை கவிண்டால் ஆர் ஆர் சாவினம் எண்டு பாரும்" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"எம் மருமக செத்தா ஒன்னய விடமாட்டேன்டி!" என்றார் அங்கம்மா.

"விடாதையுங்கோ. இப்ப கம்பளியைக் கழட்டிப்போட்டு இருங்கோ."

அவர் பதற்றமில்லாமல் இருந்தார் என்று சிலர் சொல்கிறார்கள். அது பொய். அவருடைய மறு கை, செபமாலையை அல்ல, இறைக்கும் டின்னின் முடிச்சைத் திரும்பத் திரும்ப இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு நாள் அதைச் சொல்லிக் கேட்டபோது, "பயம் இருக்கட்டும். பயந்த ஆள்தான் முடிச்சைச் சரியாப் போடும்" என்றார்.

இடைவெளியில் பனி ஓடுவது நின்று, தொங்கியது. அவர் எழுந்தார். முத்துவேலு முன்னால் துடுப்புக்கு. பின்னால் திசைதிருப்பும் துடுப்பைத் தானே எடுத்தார். பாக்கியம் நடுவில், படகின் அடிப் பலகையில். அங்கம்மா அவள் தலைமாட்டில். அழுதுகொண்டு வந்த புருசனை ஏற்றவில்லை. மலைப்பாதையால் ஓடி வரச் சொன்னார். தண்ணீர் இறைக்க ஒரு ஆள் வேண்டும். "நீர் வாரும். கத்துற பலத்தை டின்னிலை காட்டும்" என்று என்னை ஏற்றினார். என் சப்பாத்து கரையில் கிடந்தது.

அலையைப் பக்கவாட்டில் வாங்காமல், மூக்கை அதன் மேல் வைத்து வைத்துக் கொண்டுபோனார். நான் இறைத்தேன். பாதி நீர் கடந்ததும் பனி இறங்கி இரண்டு கரைகளையும் எடுத்துக்கொண்டது. அப்போதுதான் கேட்டது. ஒரு தடவை. இடைவெளி விட்டு இன்னொரு தடவை. முத்துவேலுவின் துடுப்பு நின்றது.

"அம்மா... மணி."

"கேட்டுது. போடு."

பனிக்குள்ளிருந்து அரசமரம் எங்கள் மேல் வந்தது. தொட்டில்கள் அத்தனையும் ஆடிக்கொண்டிருந்தன. காற்று மறுபடி எழும்பிவிட்டது. அவற்றில் ஒன்று புதிது, மஞ்சள் துணி. அது பாக்கியத்துக்காக அங்கம்மாவே படகிலிருந்து கட்டியது. இந்தப் பிள்ளைக்குத்தான். அங்கம்மா அதைப் பார்த்தார். வாயிலிருந்து "ஆத்தா" என்று ஒரு சத்தம் வந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு எழும்பத் தொடங்கினார். வலது பக்கத்திலிருந்து ஓர் அலை வந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். படகு சாய்ந்தது. பாக்கியம் ஒரு பக்கம் உருண்டாள். உட்காரு என்று கத்த நான் வாயைத் திறந்தேன். அங்கம்மா உட்காரமாட்டார், அது எனக்கும் தெரியும்.

"விழுந்து கும்பிடுங்கோ!" என்று பின்னாலிருந்து திரேசம்மாவின் குரல் வந்தது. "அங்கம்மா, நிண்டு கும்பிட்டது போதும்! ஆத்தாவின்ரை காலிலை விழுங்கோ! முகத்தை அவவுக்குக் காட்டுங்கோ!"

அங்கம்மா வெட்டுண்ட மரம்போல விழுந்தார். முகம் குப்புற, கை முன்னால் நீட்டி, பாக்கியத்தை அணைத்தபடி படகின் அடியில் கிடந்தார். முத்துவேலு துடுப்பை மார்போடு சேர்த்து மல்லாந்து சரிந்தான். படகு தன் கனம் அடிக்கு இறங்கியதும் நிமிர்ந்தது. அலை கீழால் போயிற்று.

நான் டின்னோடு குந்தியிருந்தேன். ஆத்தா இல்லை என்று கரையில் கூட்டம் போட்டுப் பேசியவன். விழுந்து கும்பிட எனக்கு வரவில்லை.

"தம்பி!"

"நான் நம்புவதில்லை" என்றேன். அந்த நேரத்தில் அப்படி ஒரு பேச்சு!

"நம்பாட்டி நம்பாதையும். படும்!"

படுத்தேன். தார் மணக்கும் பலகையில் கன்னம் பதிந்தது. பலகைக்கு அப்பால், என் காதுக்கு நேர் கீழே, கீழிருந்த ஏதோ ஒன்று மெதுவாக மோதிக்கொண்டிருந்தது. எங்கள் மூச்சைவிட நிதானமாக. நால்வர் முகம் தாழ்த்தியும் முகம் உயர்த்தியும் கிடந்தோம். திரேசம்மா ஒருவர் மட்டும் பின்னால் முழங்காலிட்டிருந்தார். துடுப்பு அவர் கையில் முனகியது. தொட்டில் துணி ஒன்று என் முதுகை ஈரமாகத் தடவிக்கொண்டு போனது.

பாக்கியம் பிழைத்தாள். பிள்ளை ஆஸ்பத்திரியில் இறந்தே பிறந்தது. பாலமிருந்தால் காலையிலேயே போயிருக்கலாம். இதை நான் எழுதாமல் விட்டால் என் தொழிலுக்கு அர்த்தமில்லை. அங்கம்மா பிறகு மருந்துச்சாலைக்கு வந்து, "ஒன்னய 'டி' போட்டுப் பேசிட்டேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்றார். "என்ரை அம்மா அதைவிட மோசமாச் சொல்லுவா. தேத்தண்ணி குடியுங்கோ" என்றார் திரேசம்மா.

அதன்பிறகு யாரும் அந்த இடத்தில் எழுந்து நின்றதில்லை. வற்புறுத்தவும் வேண்டியிருக்கவில்லை. நிற்பதைவிட விழுவது பெரிய கும்பிடு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. வெயில் நாளிலும் காற்று நாளிலும் படகு அரசமரத்தை நெருங்கியதும் எல்லாரும் குப்புற விழுவார்கள். கரையிலிருந்து பார்க்கிற புதியவர் திடுக்கிடுவார். சனம் நிறைந்து போன படகு, மரத்தடியில் ஆளில்லாமல் போகும். ஒரு தலை மட்டும் பின்னால் தெரியும். தொட்டில்களைத் தாண்டியதும் படகுக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைப்பார்கள்.

அடக்க நாளுக்கு வருகிறேன். அக்கரைச் சனம் முழுவதும் வரும் என்று எதிர்பார்த்தோம். வெள்ளைத் துணியைக் கண்டு வந்து, செய்தியை அக்கரைக்குக் கொண்டுபோன முத்துவேலுவிடம்தான் படகு அன்று இருந்தது. காலையிலிருந்து காற்று. பெட்டியை மருந்துச்சாலையிலிருந்து நீர்க்கரையோரமாகத் தோளில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கிருந்து அட்டன் மாதாகோயிலுக்கு. பனி விலகும்போதெல்லாம் அக்கரையில் சனம் நிற்பது தெரிந்தது. பெண்கள், ஆண்கள், கரை முழுவதும். படகு நீரில் இறங்கவில்லை.

"அவ எத்தனை பிள்ளையத் தூக்கிக் குடுத்திருப்பா அங்க? ஒருத்தனுக்கு வர ஏலாதா?" என்று இக்கரையில் ஒருவர் பல்லைக் கடித்தார். எனக்கும் ஆத்திரம் வந்தது. பெட்டியைத் தூக்கியபோது, அக்கரைப் பட்டமரத்தில் ஒரு துணி ஏறியது. கண்ணைச் சுருக்கிப் பார்த்தோம். சிவப்பு.

அக்கரையிலிருந்து சிவப்பு ஏறியது அதுதான் முதல் தடவை. இன்றைக்கு இல்லை என்று திரேசம்மா அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த சொல்லை அவர்கள் திரேசம்மாவுக்குச் சொன்னார்கள்.

பெட்டி கரையோரமாக நகர்ந்தது. சாமியார் செபம் சொல்லிக்கொண்டு முன்னால் போனார். ஒரு முறை நீரைத் திரும்பிப் பார்த்தவர் செபத்தை நிறுத்திவிட்டு, "அக்கரையில் சனம் நின்றதல்லவா?" என்று கேட்டார்.

கரை காலியாக இருந்தது. ஒருவரும் இல்லை. சிவப்புத் துணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியைச் சுமந்த ஒருவர் திரும்பிப் பார்த்ததில் பெட்டி சற்றுச் சாய்ந்தது. பிறகுதான் புரிந்தது. அக்கரைப் பிரிவு முழுவதும், பெட்டி தங்களைக் கடந்து போகும்வரை, ஈரமண்ணில் முகம் குப்புறக் கிடந்தது. கோயில் இல்லாத இடத்தில், கல் இல்லாத இடத்தில், ஒரு வேதக்காரிக்கு.

மறுநாள் காற்று விழுந்ததும் முத்துவேலு இக்கரைக்கு வந்தான். கண் வீங்கியிருந்தது.

"வந்திருப்போம் தம்பி. பாதிப் பேரு ஏறி உக்காந்துட்டாங்க. நாந்தான் எறக்கி விட்டேன். அங்கம்மா என்னய அறைஞ்சிச்சு பாத்துக்குங்க. அறையட்டும். மணி கேட்டுச்சே!"

"நானும் வருகிறேன்" என்று சொல்லிப் படகில் ஏறினேன். சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினேன்.

பாலம் இன்னும் வரவில்லை. புது மருத்துவச்சி எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. கேட்டுக்கொண்டிருக்கிறேன், இதைப் படிக்கிற நீங்களும் கேளுங்கள். திரேசம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். எந்தக் கூட்டத்திலும், எந்த ஆத்திரத்திலும், எழுந்து நிற்பதற்கு முன்னால் மலைகளின் இடைவெளியை ஒரு தடவை பார்க்கிறேன். என்னோடு படகில் யார் கிடக்கிறார்கள் என்றும் பார்க்கிறேன்.

அரசமரம் வந்ததும் முத்துவேலு துடுப்பைத் தூக்கினான். நீர் அசையவில்லை. தொட்டில்கள் அசையவில்லை. மணி எதுவும் கேட்கவில்லை. பயப்பட ஒன்றுமே இல்லாத நாள் அது. எழுந்து நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

படுத்தேன்.